நகர முடியாத ராஜாவுக்கு அரைப் புள்ளி எதற்கு?

(சதுரங்கப் பயிற்சியாளர்களும் பெற்றோர்களும் கூடிய அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எட்டு வயதுக்கு உட்பட்டோர் போட்டி நடக்கும் எந்த மண்டபத்திலும் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். ஏதாவது ஒரு பலகையில் இது நடக்கும். வெள்ளைக்கு ராஜாவும் ராணியும் இருக்கும். கறுப்புக்கு ராஜா மட்டும். அந்த ராஜா ஏ8 மூலையில் ஒண்டிக்கொண்டு நிற்கும். வெள்ளை ஆடும் பிள்ளை, நெருக்கிப் பிடித்தால் கதை முடிந்தது என்று ராணியைத் தூக்கி பி6 கட்டத்தில் வைக்கும். கறுப்பு ராஜா போகக்கூடிய கட்டங்கள் மூன்றுதான்: ஏ7, பி7, பி8. மூன்றும் ராணியின் பிடியில். ஆனால் ராஜா நிற்கிற ஏ8 மேல் ராணியின் தாக்குதல் இல்லை. செக் இல்லை, நகர இடமும் இல்லை. ஸ்டேல்மேட். ஆளுக்கு அரைப் புள்ளி.

வெளியே காத்திருக்கும் அப்பா கேட்பார்: "ஒரு ராணியே கூடுதலா இருந்தும் டிராவா? இதென்ன நியாயம்?"

பிள்ளையைத் திட்டுவதற்கு இந்தக் கேள்வியைப் பயன்படுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஆனால் கேள்வி அசட்டுக் கேள்வி அல்ல. உலகச் சாம்பியனாக இருபத்தேழு ஆண்டுகள் இருந்த இமானுவேல் லாஸ்கருக்கே இந்த விதி பிடிக்கவில்லை. ஸ்டேல்மேட் ஆக்கியவருக்கு முக்கால் புள்ளி, ஆக்கப்பட்டவருக்குக் கால் புள்ளி என்று பிரிக்கலாம் என்பது அவர் யோசனை. சதுரங்க மாஸ்டர் ரிச்சர்ட் ரேட்டியும் அந்தப் பக்கம் சாய்ந்தவர். 1940-இல் பிரிட்டிஷ் செஸ் மேகஸின் இதழில் தியோடர் டைலர், ஸ்டேல்மேட் டிரா என்பதை எதிர்த்து ஒரு கட்டுரையே எழுதினார். டைலர் ஆக்ஸ்ஃபோர்டில் சட்டம் கற்பித்தவர். பார்வை ஏறக்குறைய இல்லாத நிலையிலும் மாஸ்டர்களோடு ஆடியவர். விதிகளைப் படிப்பதே தொழிலாகக் கொண்ட ஒருவர் இந்த விதிக்குக் காரணமும் இல்லை, பழமையும் இல்லை என்று எழுதினார் என்றால் நாம் காது கொடுத்துக் கேட்கத்தான் வேண்டும்.

முதலில் பழமையைப் பார்ப்போம். இந்த விதி ஆதிகாலத்திலிருந்து வந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஊருக்கு ஊர், காலத்துக்குக் காலம் மாறிய சதுரங்க விதி இது. ஒன்பதாம் நூற்றாண்டில் அரபு மொழியில் சதுரங்கம் பற்றி எழுதிய அல்-அட்லி, இந்தியர்கள் ஆடும் முறையில் ஸ்டேல்மேட் ஆக்கப்பட்டவரே வென்றவர் என்று குறிக்கிறார். அரபு, பாரசீக ஆட்டமான ஷத்ரஞ்சில் அப்படியே தலைகீழ்: நகர முடியாதவர் தோற்றவர். ஐரோப்பாவுக்குப் போனதும் கதை இன்னும் சிக்கலாகிறது. 1497 வாக்கில் லூசேனா என்பவர் சதுரங்க நூல் எழுதும்போது ஸ்பெயினில் ஸ்டேல்மேட் அரை வெற்றி. பந்தயப் பணத்தில் பாதி கிடைக்கும். இங்கிலாந்தில் பதினேழாம் நூற்றாண்டிலிருந்து சுமார் இருநூறு ஆண்டுகள் ஸ்டேல்மேட் ஆக்கியவருக்கே தோல்வி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சதுரங்கம் சொல்லிக்கொடுத்துப் பிழைத்த ஜேக்கப் சாரட்டும் 1807-இல் தொடங்கிய லண்டன் செஸ் கிளப்பும் டிரா என்ற இத்தாலிய, பிரெஞ்சு வழக்கத்தை எடுத்துக்கொண்ட பிறகுதான் இங்கிலாந்து மற்றவர்களோடு சேர்ந்தது. இன்று உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் விதி 5.2.1 சொல்வது ஏறக்குறைய இருநூறு வயதுள்ள ஓர் உடன்பாடு, அவ்வளவுதான்.

ஆகவே டைலர் சொன்னதில் பாதி உண்மை. பழமையை வைத்து இந்த விதியைக் காப்பாற்ற முடியாது. நம் முன்னோர் ஆடியது என்று பெருமை பேசுகிறவர்கள் கவனிக்க வேண்டும்: அல்-அட்லி சொன்ன இந்திய வழக்கத்தைத் திரும்பக் கொண்டுவந்தால், ராணியை வைத்துக்கொண்டு கோட்டைவிட்ட பிள்ளைக்கு அரைப் புள்ளியும் கிடைக்காது.

சரி, காரணம்? அமெரிக்க கிராண்ட்மாஸ்டர் லாரி காஃப்மன், சதுரங்க மென்பொருள்களை உருவாக்குவதில் பெரிய பெயர் பெற்றவர். அவர் வாதம் நேரானது. நகர்ந்தே ஆக வேண்டும், நகர்ந்தால் கெடுதல் என்ற நிலைக்கு ஜுக்‌ஸ்வாங் என்று பெயர். ஸ்டேல்மேட் என்பது ஜுக்‌ஸ்வாங்கின் உச்சம். எங்கே நகர்ந்தாலும் ராஜாவே போகும். அதற்குக் கீழான ஜுக்‌ஸ்வாங்கில் சிக்கியவர் தோற்கிறார். உச்சத்தில் சிக்கியவர் மட்டும் தப்புவது எப்படிப் பொருந்தும்?

இதோடு நம் ஊர்க்காரர் ஒருவர் இன்னொன்றைச் சேர்க்கலாம். கோயில் மண்டபத் தரைகளில் கீறி வைத்திருக்கிற ஆடு புலி ஆட்டத்தைப் பாருங்கள். மூன்று புலி, பதினைந்து ஆடு. ஆடுகள் எப்படி ஜெயிக்கின்றன? புலிகளை நகர விடாமல் அடைத்து. சீனர்களின் ஷியாங்சியிலும் அடைபட்டவர் தோற்றவர். டிராட்ஸ் ஆட்டத்திலும் அப்படியே. உலகமே அடைபட்டவரைத் தோற்றவர் என்று சொல்லும்போது சதுரங்கம் மட்டும் ஏன் முரண்டு பிடிக்கிறது?

இங்கேதான் எனக்கு மாற்றுக் கருத்து. ஆடு புலியில் ஆட்டுக்கு வேறு ஆயுதம் கிடையாது. அது புலியை வெட்ட முடியாது. அடைப்பது ஒன்றுதான் அதற்கு வழி, ஆகவே அடைப்பதை வெற்றி என்று வைக்காவிட்டால் அந்த ஆட்டமே இல்லை. சதுரங்கத்தில் அடைக்கிறவர் கையில் ராணி இருக்கிறது. மேட் செய்ய முடிந்தவர் அவர். பி6-க்குப் பதிலாக ராணியை ஓர் அடி தள்ளி வைத்து, தன் ராஜாவை அருகே கொண்டுவந்து, பத்து நகர்வுக்குள் முடித்திருக்கலாம். முடிக்கக்கூடியவர் முடிக்காமல் விட்டதற்கும், முடிக்க வழியே இல்லாதவர் அடைத்து நிறுத்தியதற்கும் ஒரே பரிசு கொடுக்க வேண்டுமா?

ஷியாங்சியை இந்த விளக்கத்தால் தள்ளிவிட முடியாது, ஒப்புக்கொள்கிறேன். அங்கே இரண்டு பக்கமும் ஒரே ஆயுதம்தான். ஆனால் ஷியாங்சியில் விடாமல் செக் கொடுத்துக்கொண்டே தப்பிக்கவும் முடியாது. அப்படிச் செய்கிறவர் தோற்றவராவார். நம் சதுரங்கத்தில் தொடர் செக் டிரா. அதாவது தோற்கிறவருக்கு ஒரு வாசலும் வைக்கக் கூடாது என்பது சீன ஆட்டத்தின் ஒட்டுமொத்தப் போக்கு. விதிகள் குடும்பமாக வாழ்பவை. ஒரு வீட்டிலிருந்து ஒன்றை மட்டும் பிடுங்கி வந்து இன்னொரு வீட்டில் குடிவைப்பதில் எனக்கு நம்பிக்கையில்லை.

காஃப்மனுக்கு வருகிறேன். சதுரங்கத்தில் இரண்டு கட்டளைகள் இருக்கின்றன. உன் முறை வந்தால் நகர்ந்தே ஆக வேண்டும் என்பது ஒன்று. உன் ராஜாவை நீயே தாக்குதலில் கொண்டுபோய் வைக்கக் கூடாது என்பது மற்றொன்று. இந்த இரண்டில் முதல் கட்டளையால் அதிகம் பிழைப்பவர் யார்? பலமுள்ளவர். ராஜாவும் யானையும் வைத்துத் தனி ராஜாவை மேட் செய்வதை எல்லாப் பயிற்சி வகுப்பிலும் சொல்லித்தருகிறோம். எதிராளிக்கு 'பாஸ்' சொல்லும் உரிமை இருந்தால் அந்த மேட்டைக் கட்டாயப்படுத்தவே முடியாது. அவன் விருப்பமில்லாமல் நகர்ந்தாக வேண்டும் என்பதால்தான் அவன் ராஜா ஒவ்வொரு வரிசையாகப் பின்வாங்குகிறது.

இன்னும் நெருங்கிப் பார்ப்போம். மூன்றே காய்கள். வெள்ளை ராஜா டி6, வெள்ளைச் சிப்பாய் இ7, கறுப்பு ராஜா இ8. இப்போது கறுப்பின் முறை என்று வையுங்கள். டி8, எஃப்8 இரண்டும் சிப்பாயின் தாக்குதலில். டி7 வெள்ளை ராஜாவின் பக்கத்தில். சிப்பாயை வெட்ட முடியாது, ராஜாவின் காவல் இருக்கிறது. போகக்கூடியது எஃப்7 ஒன்றுதான். போகிறது. வெள்ளை ராஜா டி7-க்கு ஏறுகிறது, அடுத்த நகர்வில் சிப்பாய் ராணியாகிறது. கறுப்பு தோற்றது. எதனால்? நகர்ந்தே ஆக வேண்டும் என்ற கட்டளையால் மட்டும்.

அதே நிலையில் வெள்ளையின் முறை என்று வையுங்கள். ராஜா சிப்பாயை விட்டு விலகினால் சிப்பாய் போகும். காவலை விடாமலிருக்க இ6-க்கு வந்தால் ஸ்டேல்மேட். அதே கட்டளை இப்போது வெள்ளையைக் கடிக்கிறது. முந்தைய நிலையில் அந்தக் கட்டளையின் பலனை முழுசாகச் சாப்பிட்டவர், இந்த நிலையில் மட்டும் "இது அநியாயம்" என்று கை தூக்குகிறார்.

எங்கே நகர்ந்தாலும் ராஜா போகும் என்று காஃப்மன் சொல்வதில் ஒரு சின்ன விஷயம் விட்டுப்போகிறது. சதுரங்கத்தில் ராஜா ஒருபோதும் வெட்டப்படுவதில்லை. ராஜாவை வெட்டக் கூடாது என்று ஃபிடே விதியிலேயே எழுதியிருக்கிறது. ஆகவே "அடுத்த நகர்வில் ராஜா போயிருக்கும்" என்கிற அந்த அடுத்த நகர்வே இந்த ஆட்டத்தில் கிடையாது. ஜுக்‌ஸ்வாங்கில் சிக்கியவருக்கு ஒரு நகர்வாவது சட்டப்படி இருக்கிறது. தன் கையாலேயே தன் நிலையைக் கெடுத்துக்கொள்கிறார். ஸ்டேல்மேட்டில் விதி ஒருவரைப் பார்த்து நட என்கிறது, அதே மூச்சில் நடக்காதே என்கிறது. சிக்கிக்கொண்டது ஆட்டக்காரர் அல்ல, விதிப்புத்தகம். விதிப்புத்தகத்தை அந்த மூலைக்குக் கொண்டுவந்தவருக்கு முழுப் புள்ளி தரச் சொல்வதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

இது வாதம். வாதத்தால் மட்டும் ஒரு விதி பிழைப்பதில்லை. அது ஆட்டத்துக்கு என்ன கொடுத்திருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். 1895-இல் கிளாஸ்கோ நகரத்தில் வெளிவந்த வீக்லி சிட்டிசன் என்ற வார இதழில் பார்பியே என்பவர் சதுரங்கப் பத்தி எழுதினார். ஒரு நிலையைக் கொடுத்து, கறுப்பு டிரா செய்யலாம் என்றார். வெள்ளைக்கு ராஜாவும் ஒரு சிப்பாயும். கறுப்புக்கு ராஜாவும் ஒரு யானையும். சிப்பாய் ராணியாக ஓடுகிறது. யானை ஒவ்வொரு படியாக செக் கொடுத்து வெள்ளை ராஜாவைத் துரத்துகிறது. கடைசியில் வெள்ளை ராஜா சி2-க்கு இறங்கிவிட்டது, சிப்பாய் சி7-இல் நிற்கிறது, கறுப்பு ராஜா ஏ1 மூலையில். கறுப்பு தன் யானையை டி4-இல் வைக்கிறது. இனி சிப்பாய் ராணியானால் யானை சி4-க்கு வந்து செக். ராணி வேறு வழியில்லாமல் யானையை வெட்டும். வெட்டியதும் ஏ2 ராணியின் தாக்குதலில், பி1-உம் பி2-உம் வெள்ளை ராஜாவின் பக்கத்தில், செக் இல்லை. ஸ்டேல்மேட்.

அந்த ஊரில் வாழ்ந்த ஸ்பானியப் பாதிரியார் ஃபெர்னாண்டோ சாவெத்ரா இதைப் பார்த்தார். சுமாராக ஆடக்கூடியவர், அவ்வளவுதான். அவர் சொன்னது: சிப்பாயை ராணியாக்காதே, யானையாக்கு. சி8-இல் யானை. இப்போது ஏ8-க்குப் போய் மேட் என்ற மிரட்டல் இருக்கிறது. கறுப்பு யானை ஏ4-க்குப் போய்த்தான் தடுக்க வேண்டும். வெள்ளை ராஜா பி3-க்கு ஓர் அடி ஏறுகிறது. ஏ4 யானை மேல் தாக்குதல், அதோடு சி1-இல் மேட். இரண்டையும் கறுப்பால் தடுக்க முடியாது. நான்கே காய்களில் இத்தனை நுட்பம். சாவெத்ரா நிலை என்ற பெயரில் இன்றும் உலகெங்கும் கற்பிக்கிறார்கள். அந்த ஒரு நகர்வால்தான் அந்தப் பாதிரியாரின் பெயர் நிற்கிறது. ஸ்டேல்மேட் வெற்றியென்று வைத்துவிட்டால் சிப்பாய் ராணியாகும், வெள்ளை ஜெயிக்கும், பத்தியில் எழுத ஒன்றுமிருக்காது.

இறுதியாட்டத்தில் நாம் பாடமாக நடத்துவதில் பாதி இப்படிக் கரையும். ஒரே ஒரு சிப்பாய் மிஞ்சினால் பெரும்பாலும் ஜெயித்துவிடலாம். ஓரச் சிப்பாயும் தப்பான நிறத்து பிஷப்பும் டிரா என்று மனப்பாடம் செய்த பிள்ளைகள் அதை மறந்துவிடலாம். இரண்டு குதிரைகளால் தனி ராஜாவை மேட் செய்யக் கட்டாயப்படுத்த முடியாது, ஆனால் அடைக்க முடியும்; அதுவும் வெற்றியாகிவிடும். ஒரு சிப்பாய் குறைந்தாலே சாவு என்றாகிவிட்டால், தொடக்கத்தில் துணிந்து ஒரு சிப்பாயைக் கொடுத்துத் தாக்குகிறவர்களுக்குக் கை நடுங்கும்.

தோற்கிறவருக்கு இந்த விதி இலவசமாக எதையும் கொடுப்பதில்லை என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 1946, நெதர்லாந்தின் குரோனிங்கன். அறுபதைத் தாண்டிய ஒசிப் பெர்ன்ஸ்டைன், பின்னாளில் உலகச் சாம்பியனாகப்போகிற இளைஞர் ஸ்மிஸ்லோவிடம் தோற்கும் நிலை. ஸ்மிஸ்லோவ் சிப்பாயை பி2-க்குத் தள்ளினார். இன்னும் ஓர் அடியில் ராணி. பெர்ன்ஸ்டைன் அதை யானையால் வெட்டினார். செக் கொடுத்து அந்த யானையை வாங்கிவிடலாம், வாங்கினால் ஸ்டேல்மேட். 1963-64 அமெரிக்கச் சாம்பியன்ஷிப்பில் லாரி எவன்ஸ் செய்தது இன்னும் வேடிக்கை. சாமுவேல் ரெஷெவ்ஸ்கியிடம் ஒரு குதிரை குறைவாக, முற்றிலும் தோற்ற நிலை. எவன்ஸின் சிப்பாய்கள் ஒவ்வொன்றாக எதிரிக் காய்களில் முட்டி நின்றுவிட்டன, ராஜா எச்1 மூலையில் அசையவில்லை. ரெஷெவ்ஸ்கியின் ராணி ஜி3-இல் வெட்டியதும், எவன்ஸ் தன் ராணியை ஜி8-இல் கொண்டுபோய்க் கொடுத்தார். அதை வெட்டிய ராஜாவுக்கு ஜி7-இல் யானையால் செக். அந்த யானையை வெட்டினால் ஸ்டேல்மேட், வெட்டாவிட்டால் செக் தொடரும். இதே ரெஷெவ்ஸ்கி 1942-இல் கார்ல் பில்னிக்கிடமும் இப்படி ஒரு ஸ்டேல்மேட் வலையில் விழுந்தவர். எட்டு வயதிலேயே பெரியவர்களைத் தோற்கடித்த மேதைக்கே இருமுறை நடந்தது என்று சொன்னால் நம் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

லாஸ்கரின் முக்கால் புள்ளியில் எனக்கிருக்கும் தகராறு வேறு. ஸ்டேல்மேட் ஆக்குகிறவர் எப்போதும் பலமானவர் என்று அந்த யோசனை எடுத்துக்கொள்கிறது. அது உண்மையில்லை. 1978-இல் பிலிப்பைன்ஸின் பாகியோவில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பில், ஐந்தாவது ஆட்டத்தின் 124-ஆவது நகர்வில் கோர்ச்னாய் கார்போவை ஸ்டேல்மேட் ஆக்கினார். தயிர்க் கிண்ணத்தைப் பற்றிக்கூடப் புகார் எழுதிக்கொண்ட போட்டி அது. இருவருக்கும் பேச்சுவார்த்தையில்லை. டிரா கேட்க வாயைத் திறப்பதைவிட இது மேல் என்று கோர்ச்னாய் முடித்துவைத்தார். கைகுலுக்க வேண்டிய இடத்தில் போட்ட கையெழுத்து போன்றது அது. முக்கால் புள்ளிக்குரிய சாதனையல்ல.

அதைவிட நல்ல சாட்சி நம்மவர் ஆடிய ஆட்டம். 2007, மெக்சிகோ சிட்டி. விஸ்வநாதன் ஆனந்த் வெள்ளை, விளாடிமிர் கிராம்னிக் கறுப்பு. ஆனந்த் அந்தப் போட்டியை வென்று உலகச் சாம்பியனானது உங்களுக்குத் தெரியும். இந்த ஆட்டத்தின் 65-ஆவது நகர்வில் கிராம்னிக்குக்குத் தப்பிக்க ஒரே ஒரு வழிதான் இருந்தது: ராஜாவால் எஃப்5 சிப்பாயை வெட்டுவது. வேறு எதை ஆடினாலும் தோல்வி. வெட்டினார். ஆனந்துக்கு நகர்வே இல்லாமல் போனது, ஸ்டேல்மேட். கவனியுங்கள், தோல்வியின் விளிம்பில் நின்றவர் ஸ்டேல்மேட் ஆக்கினார், வென்றுவிடக்கூடியவர் ஆக்கப்பட்டார். லாஸ்கர் கணக்கில் முக்கால் புள்ளி கிராம்னிக்குக்கு. காஃப்மன் கணக்கில் முழுப் புள்ளியும். அந்த விதிகள் இருந்திருந்தால் ஆனந்த் வேறு மாதிரி ஆடியிருப்பார் என்று நீங்கள் சொல்லலாம், சரிதான். ஆனால் ராஜாவும் சிப்பாயுமாக முடியும் ஆட்டங்களில் யார் யாரை அடைத்தார் என்பதை வைத்துப் பலத்தை அளக்க முடியாது என்பதற்கு இதைவிட எனக்கு வேறு உதாரணம் தேவையில்லை.

கடைசியாக ஒரு வாதம் மிச்சமிருக்கிறது: பெரிய ஆட்டங்களில் டிராக்கள் பெருகிவிட்டன, ஸ்டேல்மேட்டை வெற்றியாக்கினால் குறையும் என்பது. 2018 உலகச் சாம்பியன்ஷிப்பில் கார்ல்சனும் கருவானாவும் ஆடிய பன்னிரண்டு முழுநேர ஆட்டங்களும் டிராவானபோது இந்தப் பேச்சு பலமாக எழுந்தது. அதில் ஒன்றுகூட ஸ்டேல்மேட்டில் முடியவில்லை என்பதை யாரும் சொல்லவில்லை. 2020-இல் டீப்மைண்ட் நிறுவனத்தார் ஆல்ஃபாஸீரோ என்ற தங்கள் சதுரங்க மென்பொருளை வைத்து ஒன்பது மாற்று விதிகளைச் சோதித்தார்கள். அதில் ஒன்று ஸ்டேல்மேட் வெற்றி. உச்சத் தரத்தில் ஆட்டத்தின் முகம் அதனால் பெரிதாக மாறவில்லை, டிராக்கள் டிராக்களாகவே இருந்தன. நான் முன்பு சொன்ன பயமும், சிப்பாய் கொடுக்கக் கை நடுங்கும் என்றேனே, இயந்திரத்தின் கணக்கில் அவ்வளவாகத் தெரியவில்லை. மனிதர்களுக்குத் தெரியும் என்பது என் எண்ணம். அந்த ஆய்வில் கூட நின்ற கிராண்ட்மாஸ்டர் வேறு யாருமல்ல, மெக்சிகோவில் எஃப்5 சிப்பாயை வெட்டிய அதே கிராம்னிக்.

டிராவைக் குறைக்க அவர் தேர்ந்தெடுத்துப் பிரசாரம் செய்தது ஸ்டேல்மேட் மாற்றத்தை அல்ல, கேஸ்லிங் இல்லாத சதுரங்கத்தை. ராஜாவை ஓடி ஒளிய விடாமல் நடுவில் நிறுத்துவது. அந்த விதியில் 2020 ஜனவரியில் சென்னையில் ஒரு போட்டி நடந்தது. பெரும்பாலான ஆட்டங்களில் யாரோ ஒருவர் ஜெயித்தார். டிரா கண்டு சலித்தவர்கள் கை வைக்க வேண்டிய விதி அது என்றால் நான் கூட நிற்பேன். இந்தச் சனிக்கிழமை வகுப்பில் வேண்டுமானால் கேஸ்லிங்கை எடுத்துவிட்டு இரண்டு சுற்று ஆடிப் பார்க்கலாம். பயிற்சியாளர்கள் ஒப்புக்கொண்டால் பலகைகளை நான் அடுக்கித் தருகிறேன்.